பிரித்த தையல்

"அடிப்பாவி! என் துணியிலயா கை வைக்கிறே?"

பூத்தையல்காரி போட்ட சத்தத்தில் பாதிச் சந்தை திரும்பிப் பார்த்தது.

தண்ணீர் பிடிக்கப் போனவள், குழாயில் காற்றுதான் வருகிறது என்று சீக்கிரமே திரும்பிவிட்டாள். வந்து பார்த்தால், பக்கத்து இடத்துப் பொம்மைக்காரி இவளுடைய மேஜைத் துணியை மடியில் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தரியால் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். கையும் களவுமாக என்பார்களே, அது இதுதான்.

பொம்மைக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, சத்தம் போடாதீங்க. உட்காருங்க, சொல்றேன்."

"என்னத்தைச் சொல்லுவே? முதுகு ஒடிய உட்கார்ந்து தச்ச இலைடி அது!"

சந்தையின் பின்பக்கம் மூடிக் கிடந்த கறிக்கடையைக் கழுவிவிட்டு, கைவேலை செய்கிறவர்களுக்குத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தார்கள். வருகிறவர்கள் பார்க்க அங்கேயே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், அங்கேயே விற்க வேண்டும். ஆடு தொங்கிய கொக்கிகளில் இப்போது பூப்போட்ட துணிகள் தொங்கின. கடைசியில் ஒருவருக்கு மட்டும் நிரந்தரக் கடை. கூடை பின்னுகிறவர் எப்போதோ ஆசையை விட்டுவிட்டார். போட்டி இந்த இரண்டு பெண்களுக்கும்தான்.

பூத்தையல்காரிக்கு அந்தக் கடை கிடைத்தே ஆக வேண்டும். மகன் வீட்டில் அவளுக்கு ஒரு பாய் விரிக்கிற இடம். மருமகள் கொடுமைக்காரி இல்லை. ஆனால் டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே சேதி சொல்லிவிடுவாள். கடை கிடைத்தால் பின்னால் ஒரு சிறிய அறையும் உண்டு. செத்தாலும் அங்கேயே சாகலாம்.

பொம்மைக்காரி வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. அவளுக்கும் ஆசை இருக்கும்தான். அதற்காக இப்படியா?

"இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தாளே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சந்தை சூப்பர்வைசர் வந்துவிட்டார். துணியை வாங்கிப் பார்த்தார். இலை இருந்த இடத்தில் ஊசித் துளைகள்தான் மிச்சம்.

"நீ பிரிச்சியா?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

"அக்காகிட்ட தனியா ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன் சார்."

"எனக்கும் இவளுக்கும் என்ன ரகசியம்? சொல்றதை உங்க முன்னாலயே சொல்லட்டும்!"

பொம்மைக்காரி வாயைத் திறந்தாள். சூப்பர்வைசரைப் பார்த்தாள், பூத்தையல்காரியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணுமில்ல சார். என் தப்புதான்."

"இப்பவே காலி பண்ணு."

பொம்மைகளை ஒவ்வொன்றாக மூட்டையில் போட்டுக் கட்டினாள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. போகிற போக்கில், "வெளிச்சத்துல உட்கார்ந்து தைங்கக்கா" என்றாள்.

திமிரைப் பார் என்று பூத்தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்திலேயே உட்கார்ந்து, பிரித்த இலையை மறுபடி தைத்து முடித்தாள்.

காய்கறிப் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். துணியைத் தடவிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. இந்த ஒரு இலை மட்டும் ஏன் நீலம்?"

"பச்சைதாம்மா அது."

"இல்லம்மா, நல்ல நீலம். மத்த இலையெல்லாம்தான் பச்சை, அங்க தொங்குற துணியிலயும்."

பூத்தையல்காரி கையிலிருந்த நூல்கண்டை நீட்டினாள். "இது?"

"இதுவும் நீலம்தான்."

எத்தனையோ நாளாகப் பச்சை என்று அவள் எடுத்துத் தைக்கிற கண்டு அது. மங்கலாகத் தெரிந்தபோதெல்லாம் டியூப்லைட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால், கொக்கியில் தொங்குகிற துணிகளில் இலைகள் பச்சையாக இருப்பது எப்படி?

எழுந்து போய், பொம்மைக்காரி விரித்து உட்கார்ந்திருந்த சாக்கைத் தூக்கினாள். அடியில் வெட்டிப் போட்ட நூல் துணுக்குகள். ஒரு பிடி அள்ளி வந்து நீட்டினாள்.

"இதெல்லாம் என்ன நிறம்மா?"

"நீலம். எல்லாமே நீலம்."

அந்தப் பெண் போய்விட்டாள். பூத்தையல்காரி துணுக்குகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் எழுந்து போனபோதெல்லாம், 'கொஞ்சம் பார்த்துக்கோடி' என்று துணியை அவளிடம்தான் விட்டுப் போவாள். அவள் பார்த்துக்கொண்டது இப்படி, நீலத்தைப் பிரித்துப் பச்சையில் தைத்து! ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்றால், வீடு எங்கே என்றுகூட ஒரு நாளும் கேட்டதில்லை. சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் உண்மையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அவரே வந்தார். கையில் சாவி.

"பிடிம்மா, கடை உனக்குத்தான். இத்தனை துணியில ஒரு இலைகூட நிறம் தப்பல பாரு, அதுக்குத்தான்." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பொம்மைக்காரியும் இத்தனை நாள் ஒழுங்கா இருந்தவதான். என்ன காரணமோ, மனசு கேக்கல. நீ ஒரு வார்த்தை சொன்னா, கூப்பிட்டு ஒரு மூலையில இடம் கொடுத்துடுவேன். என்ன சொல்றே?"

பூத்தையல்காரி துணியை மடித்தாள், நீல இலை உள்பக்கம் போகும்படியாக. சாவியை வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம் சார். கூட இருந்தே குழி பறிக்கிறவங்களை எப்படி நம்புறது?"