அடக்கமான பிள்ளை

2009 மார்ச் 11, புதன்கிழமை, சிவகாசி. நிறைமாதக் கர்ப்பிணி மாரீஸ்வரியின் வயிற்றில் டாக்டரம்மா ஸ்கேன் கருவியை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்திருந்தார்.

"அசைவு எப்பம்மா குறைஞ்சது?"

மாரீஸ்வரி கணவன் பால்பாண்டியைப் பார்த்தாள். "பிள்ளை உதைக்கவே இல்லங்க" என்று திங்கட்கிழமையே அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் சிரித்தான். "உன்ன மாதிரி வாயாடி இல்ல, அடக்கமான பிள்ளை. நாளைக்குச் செவ்வாக்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது. புதன்கிழமை போவோம்." அவளும் சிரித்துவிட்டாள்.

"நேத்து ராத்திரிதான் டாக்டர்," என்றாள் இப்போது. "சொன்னதும் இவரு கூட்டிட்டு வந்துட்டாரு."



டாக்டரம்மா கருவியை எடுத்துவிட்டு அவள் வயிற்றைத் துடைத்துவிட்டார். "துடிப்பு இல்லம்மா," என்றார்.

மறுநாள் பெண் குழந்தை இறந்து பிறந்தது.