புத்தம் புதுசு

தண்டையார்பேட்டைப் பட்டறையின் தகரக்கூரை மத்தியான வெயிலில் முனகுகிறது. தேசப்பன் தன் மலிவுவிலை மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தருகே குந்தியிருக்கிறான். எண்ணூர் மணல்பாதையில் மீன்கூடையோடு அவனை இரண்டு தடவை கவிழ்த்த ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டியிருக்கிறார்கள். “கம்பெனிலேர்ந்து வந்த புத்தம் புதுசு நைனா, எட்த்துகினு போ,” என்கிறான் மெக்கானிக், கை துடைக்கும் துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல். தேசப்பன் எழுந்திருக்கவில்லை. அவன் குப்பத்தில் துடுப்புக்கும் கட்டுமரத்துக்கும் வீட்டுக்கொரு குறி போடுவார்கள். அந்தப் பழக்கத்தில், பழைய ஷாக் அப்சார்பரின் அடியில் அரத்தால் இரண்டு கோடு கீறிவிட்டுத்தான் வண்டியை விட்டிருந்தான். இப்போது விரலால் தடவுகிறான். கோடுகள் இல்லை. ஆனால் கறுப்பு பெயிண்டுக்கு அடியில் ஏதோ நெருடுகிறது. நகத்தால் சுரண்டுகிறான். ஒரு பிறை தெரிகிறது. பக்கத்து வீட்டுக் கோதண்டத்தின் குறி அது. போன மாதம் இதே பட்டறையில் அவன் வண்டியிலும் பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார்கள். தேசப்பன் மெல்ல நிமிர்கிறான். சுவரோரக் கம்பியில் ஒரு ஷாக் அப்சார்பர் புதுக் கறுப்பு சொட்டச் சொட்டக் காய்கிறது. அதன் அடியில், பெயிண்டையும் மீறி, இரண்டு கோடு. “அது யாருக்கு மாமு?” என்று கேட்கிறான். மெக்கானிக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நாளைக்கி ஒர்த்தர் வராரு. அவருக்குத்தான். புத்தம் புதுசு.”