காலி அறை

அபிலீன் நகருக்கு வெளியே, துப்பாக்கி சுடும் தளத்தின் இரும்புத் தட்டுகளில் வெயில் கண்ணைப் பறிக்கிறது. ஆட்டுப் பண்ணைக்காரி ஓப்பல் தன் ஆறு அறை ரிவால்வரில் வழக்கம்போல ஐந்து குண்டுகளை மட்டும் போட்டு, பின்னாலிருக்கும் சுத்தியலைக் காலி அறையின் மேல் மெல்ல இறக்கி, கோட்டுக்குள் செருகிக்கொள்கிறாள். கீழே விழுந்தாலும் வெடிக்காது. மணி அடித்ததும் மறைத்த துப்பாக்கியை உருவி, தன் தட்டை யார் முதலில் சுட்டுச் சாய்ப்பது என்று இன்று போட்டி; தோற்றால் இந்தப் பழசை இனி வெளியே கொண்டுவருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். எதிராளி காடி, புத்தம்புது பிஸ்டலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டே இளிக்கிறான். "ஏன் அம்மணி, ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியலை இழுக்கணும், அதுல ஒரு அறை வேற காலி! திருடன் வந்தா 'கொஞ்சம் பொறுப்பா'ன்னு சொல்லுவீங்களா?" கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஓப்பலின் காது மடல் சிவக்கிறது. மணி அலறுகிறது. இருவர் கைகளும் பாய்கின்றன. கோட்டை விட்டு வெளியே வரும்போதே அவள் கட்டைவிரல் சுத்தியலை இழுத்துவிடுகிறது; உருளை சுழன்று காலி அறை விலக, குண்டுள்ள அறை நேரே வருகிறது. டணார்! அவளுடைய தட்டு சாய்கிறது. காடியின் பிஸ்டலோ 'டிக்' என்று மட்டும் சொல்கிறது. குண்டுப்பெட்டியைச் செருகியவன் மேல்பாகத்தை இழுத்துவிட மறந்திருக்கிறான். முதல் குண்டு பிஸ்டலின் அறைக்குள் ஏறவே இல்லை. சிரிப்பு கட்சி மாறுகிறது. ஓப்பல் தொப்பியை நிமிர்த்திக்கொள்கிறாள். "காலி அறை என்கிட்டயும் இருக்கு தம்பி. ஆனா அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."