கடைசி இரண்டு அடிகள்

இனிப் பாடுவதில்லை என்று முடிவெடுத்து, கிடாரை விற்கப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள் ஜெசிந்தா. அவளே எழுதி இணையத்தில் ஏற்றிய பாடல்களைச் சீந்துவார் இல்லை.

பக்கத்து இருக்கைப் பெண், மடியில் சிணுங்கிய பிள்ளையைத் தட்டியபடி பாடத் தொடங்கினாள். ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது ஜெசிந்தா எழுதிய பாட்டுதான். ஆனால் முடிவில் அவள் எழுதாத இரண்டு அடிகள் இருந்தன. அவைதான் பாட்டிலேயே அழகு.

“யாரு பாட்டுக்கா இது?”

“யாருக்குத் தெரியும்? பழைய பாட்டு. எங்க மில்லுல எல்லாரும் பாடுவோம்.”

தன் பாட்டு என்று சொல்ல வாயெடுத்தவள், “அந்தக் கடைசி ரெண்டு அடிய எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா” என்று கேட்டுக் கூடவே பாடினாள்.

“இப்படி ஓடாதம்மா. இழுத்துப் பாடு, பிள்ள தூங்கணும்ல?”

ஜெசிந்தா இழுத்துப் பாடினாள். பிள்ளையின் கண்கள் செருகத் தொடங்கின.