கறார் ஸ்வரம்

தி.நகர் மாடியறையில் மே மாத வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரிவரியாக வரைந்திருக்கிறது. மகள் கயலின் லினக்ஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார் பாத்திரக்கடை தெய்வநாயகம். அடுத்த வாரம் அவளுக்கு நலங்கு. அதில் அவரும் ஒரு வரியாவது பாடிவிட வேண்டும். அவள் இன்டர்நெட்டிலிருந்து இறக்கித் தந்த சங்கீதப் பாட நிரல் ஒரு ஸ்வரத்தை ஒலிக்கிறது. எதுவென்று யோசித்து விசையைத் தட்டுகிறார். தப்பு என்கிறது திரை. “பக்கத்து ஸ்வரம்தானே, கொஞ்சம் அனுசரிச்சுக்கோயேன்.” கறார் விலைக் கடை போல அது இறங்கி வரவில்லை. ஆனால் முகம் சுளிக்காமல், முதல் போணி வாடிக்கையாளரிடம் பேசுவது போல மறுபடி ஒலிக்கிறது. முப்பது வருஷமாக “நீங்க தாளம் மட்டும் போடுங்க” என்று அவரை அடக்கிவைத்த மனைவி பாஞ்சாலி, பக்கத்தில் அழைப்பிதழ் மூலைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். ஆறாவது தடவை திரையில் ‘சரி’ என்று விழுகிறது. அதே ஸ்வரத்தை அவர் மெல்லப் பாடிப் பார்க்கிறார். பாஞ்சாலியின் மஞ்சள் விரல் அப்படியே நிற்கிறது. “நலங்குல என்கூட ஒரு வரி பாடுங்க. ஒண்ணுதான்.” “ரெண்டாப் போட்டுக் குடு பாஞ்சாலி.” “ஒண்ணரை. அதுக்கு மேல கட்டாது.” தெய்வநாயகம் தன் மேல் வீசிக்கொண்டிருக்கும் மேசை விசிறியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைக்கிறார்.