வராதவர்கள் பட்டியல்

ஹெச்.எம். அறைக்குள் நுழையும் முன் அமலி டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டாள். பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்கள் பட்டியல் கையில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கடைசிப் பெயரை எழுதாமலே விட்டிருக்கலாம். ஆனால் கூட்டம் முடியும்வரை அவர் மகள் ஆஷ்லின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"முதல் ரெண்டு பேரும் குறுவை நடவுக்குப் போனவங்க. அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் ஹெச்.எம். "மூணாவது... பெரியநாயகசாமியா?"

"ஆமாம் சார். மூணு கூட்டத்துக்கும் வரலை. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்யறாரு. சொந்தப் பொண்ணுக்கு மட்டும் நேரமில்ல."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வேலை போனாலும் போகலாம்.

ஹெச்.எம். அந்தப் பெயரின் கீழ் ஒரு கோடு போட்டார்.

"எழுதினது சரிதான் டீச்சர். நாளைக்கு வருவாரு."

மறுநாள் காலை பெரியநாயகசாமி வந்தார். மகளின் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"எப்படிப் படிக்கிறா டீச்சர்?"

"நல்லாப் படிக்கிறா. வகுப்புல வாயைத்தான் திறக்க மாட்டேங்குறா."

"வீட்டுல நான் காது கொடுத்துக் கேட்டிருந்தா இங்கே பேசியிருப்பா. தப்பு என்னோடதுதான்."

ஆஷ்லின் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அமலி அவளுடைய நோட்டை எடுத்து அவர் முன் விரித்து வைத்தாள்.

பியூன் வாசலில் எட்டிப் பார்த்தார். "சார், கல்வி ஆபீஸ்லேருந்து உங்களுக்கு போன்."

பெரியநாயகசாமி மகளின் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஹெச்.எம். அரை மணி கழிச்சுப் பேசுவாருன்னு சொல்லுங்க. இப்ப இங்கே ஆஷ்லினோட அப்பாதான் இருக்காரு."