முதுகு காட்டும் வேலை

சிம்பொனியை எழுதிய குணசீலன், அதை நடத்தக் கோலை உயர்த்தினார். அறுபது கலைஞர்கள் மூச்சை அடக்கினர்.

அவருக்குப் பின்னே, சேலத்து அரங்கின் முதல் வரிசையில், பரமத்தி வேலூர்ப் பண்ணையார் நாச்சிமுத்து. இருபது ஏக்கர் வெற்றிலைக் கொடிக்காலுக்கு உடைமையாளர். இன்றைய விழாத் தலைவர்.

கடைசி வரிசையில் கருப்பண்ணன். அந்தக் கொடிக்காலில் நாற்பதாண்டுகள் வெற்றிலை கிள்ளியவர், குணசீலனின் தந்தை.

நாற்பதாண்டுகளில் ஒருநாளும் அவர் பண்ணையாருக்கு முதுகைக் காட்டியதில்லை. காட்டக் கூடாது. தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கி, குனிந்து, பின்னோக்கி நடந்தே வாசலைக் கடக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம்; எழுதிய சட்டங்களால் இன்னும் முழுதாய்ச் சாகாத சட்டம்!

மகன் வியன்னாவிலும் பெர்லினிலும் பெற்ற புகழ் அவருக்குப் பொருட்டல்ல. ஒன்றை மட்டும் தொலைபேசியில் நம்ப முடியாமல் கேட்டார்:

“ஏஞ்சாமி, பண்ணாடி முன்னால உக்காந்திருக்கறப்ப, அவியளுக்கு முதுகக் காட்டிட்டா நிப்பே?”

ஆம், முக்கால் மணி நேரம், அதுதான் என் வேலையே என்றார் மகன்.

அதைப் பார்க்கத்தான் எழுபத்தெட்டு வயதில் பேருந்து ஏறி வந்தார். முன்வரிசை நாற்காலியை மறுத்தார். “முதுகப் பாக்கறதுக்குக் கடைசி வரிசை போதுஞ்சாமி.”

இசை பெருகிற்று. முக்கால் மணி நேரமும் அந்த முதுகு வளையவில்லை. கடைசி வரிசையில் ஒரு முதியவரும் சாயாமல் நிமிர்ந்திருந்தார். துண்டு தோளிலேயே கிடந்தது.

கைதட்டல் எழுந்தது. நாச்சிமுத்து பொன்னாடையோடு மேடை ஏறினார்.

“நம்ம கருப்பன் பையனுங்க!” என்றார் ஒலிபெருக்கியில்.

அயல்நாட்டு மேடைகளில் குணசீலன் தலையை மட்டுமே சாய்ப்பார். இன்று உடல் அவர் சொல் கேட்கவில்லை. இடுப்பு மடங்கியது. கைகள் குவிந்தன, கோல் கக்கத்துக்குள் போயிற்று. பொன்னாடை தோளில் விழுந்ததும், இரண்டடி பின்னோக்கி நடந்தார்.

எந்த ஒத்திகையிலும் இல்லாத இரண்டடி. இனி எந்த ஒத்திகையாலும் திருத்த முடியாத இரண்டடி.

நிமிர்ந்து கடைசி வரிசையைத் தேடினார்.

கருப்பண்ணன் வாயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். குனியாமல், நேராக, மேடையில் நின்ற இருவருக்கும் முதுகைக் காட்டியபடி.